நத்தைகள் ஏற்றிய காப்புறுதிக் கட்டணம்

நான் வேலை பார்த்த காப்புறுதிக் கந்தோரில் இப்போது என் நாற்காலியில் இருப்பவள் சுகன்யா. இத்தாலியின் பலெர்மோவிலேயே பிறந்த தமிழ்ப் பிள்ளை. கணினியோடு நல்ல சிநேகம். மனிதர்களோடு சற்றே பொறுமைக் குறைவு. அவள் அவ்வப்போது எனக்குத் தொலைபேசி எடுப்பாள். நலம் விசாரிப்பதற்காக அல்ல.

“அன்ரி, இஞ்சை ஒரு மாமா வந்து நிக்கிறார். ஸ்பீடுக்கு முல்தா வந்திட்டுதாம். பொலிஸா கூடுமோ எண்டு கேக்கிறார். கூடாது எண்டு நான் நாலு தரம் சொல்லிப்போட்டன். மதோன்னா, நம்புறாரே இல்லை! நீங்கள் ஒருக்காக் கதையுங்கோ.”

முல்தா என்பது தண்டம். பொலிஸா என்பது காப்புறுதி ஒப்பந்தம். இத்தாலிய மொழியில் வணக்கம் சொல்லக் கற்றுக்கொள்ளும் முன்பே நம்மவர் கற்றுக்கொள்ளும் சொற்கள் இவை. தொலைபேசி கைமாறும். பெருமூச்சு ஒன்று கேட்கும். நான் சொல்வேன்: “கூடாது, தம்பி. தண்டம் பொலிஸ்காரற்றை விஷயம். இன்சூரன்ஸ் கூடுறதும் குறையிறதும் நீங்கள் இடிக்கிறதைப் பொறுத்தது.” பிறகு, தவறாமல், அந்தக் கேள்வி: “அப்ப ஏனக்கா ரொறன்ரோவிலை கூடுது?”

ஓய்வூதியத்தோடு சேர்த்து எனக்கு வழங்கப்பட்டிருப்பது இந்தக் கேள்வியும்தான். இந்நாட்டில் சாரதிப் பத்திரத்துக்குப் புள்ளிகள் வைத்து, குற்றத்துக்கு ஏற்ப வெட்டத் தொடங்கிய பிறகு பழைய பயம் புதுச் சட்டை போட்டு வந்திருக்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தொலைபேசியில் விளக்குவதைவிட ஒருமுறை எழுதிவைப்பது மேல் என்று சுகன்யா சொன்னாள். எழுதுகிறேன். ஆனால் விதியை மட்டும் எழுதினால் நம்மவர் நம்பமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆகவே தொண்ணூறுகளின் நடுவில் நடந்த ஒரு கதையையும் சேர்த்து எழுதுகிறேன்.

நான் அந்தக் கந்தோருக்குள் முதலில் நுழைந்தது தும்புத்தடியோடு. அதற்கு முன்னர் கந்தோர் உரிமையாளர் லோ வெர்தேயின் தாயாரைப் பராமரித்து வந்தேன். அந்த அம்மையாருக்குக் கண் மங்கிவிட்டது. ஆனால் யார் கொலை செய்தது என்று அறியாமல் உறக்கம் வராது. மஞ்சள் அட்டை போட்ட துப்பறியும் நாவல்களை நான் அவருக்கு உரக்க வாசித்தேன். என் இத்தாலிய மொழி அப்படி வளர்ந்தது. ‘உப்பைத் தாருங்கள்’ என்று கேட்கத் தெரியும் முன் ‘அன்றிரவு நீங்கள் எங்கே இருந்தீர்கள்?’ என்று கேட்கத் தெரிந்துவிட்டது. காப்புறுதித் தொழிலுக்கு இதைவிடச் சிறந்த பயிற்சி இருக்க முடியாது என்று பின்னர் லோ வெர்தே சொன்னார். அம்மையார் காலமானார். நான் வியா மக்வேதா என்ற வீதியில் ஒரு சப்பாத்துக் கடைக்கு மேல்மாடியில் இருந்த கந்தோரைத் துப்புரவு செய்ய வந்தேன். தமிழர்கள் கார் வாங்கத் தொடங்கினார்கள். ஒருநாள் லோ வெர்தே என் கையிலிருந்த தும்புத்தடியை மரியாதையாக வாங்கிச் சுவரில் சாத்திவிட்டு, எதிரே நின்ற தமிழர் ஒருவரைக் காட்டி, “சிஞ்ஞோரா தில்லா, இவர் என்னிடம் சொல்வது ஆம் என்பதா, இல்லை என்பதா?” என்று கேட்டார். திலகம் என்ற பெயர் அவர் வாயில் தில்லா ஆகிவிட்டிருந்தது. நான் அந்த மேசையிலேயே தங்கிவிட்டேன்.

அவருடைய சந்தேகம் நியாயமானது. நம்மவர் ‘ஓம்’ என்று தலையை இரண்டு பக்கமும் ஆட்டுவதை அவர் மறுப்பு என்று கொண்டார். அவரோ ‘இல்லை’ என்பதற்கு, சிசிலிக்காரர் எல்லோரையும் போல, நாடியை மேலே தூக்கி நாக்கால் ஒரு ‘ச்சு’ கொட்டுவார். நம்மவர் அதை அனுதாபம் என்று எண்ணித் தங்கள் கஷ்டங்களை முதலிலிருந்து சொல்லத் தொடங்குவார்கள். இப்படி ஒரு தரப்பு மறுப்பு என்றும் மறுதரப்பு இரக்கம் என்றும் நம்பிப் பல ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டிருக்கிறார்கள்.

லோ வெர்தே குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. யாராவது விபத்தொன்றை விவரிக்கும்போது கண்களை மூடிக்கொண்டு, கழுத்துப்பட்டியின் நுனியால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி இருப்பார். கதை முடிந்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, “அழகான கதை. இன்னொருமுறை, சில முன்னேற்றங்களோடு சொல்ல விரும்புவாரா என்று கேளுங்கள்” என்பார். ஒருவரையும் பொய்யர் என்று அவர் சொன்னதில்லை. “மக்கள் இந்த அறைக்குள் வந்ததும் பொய் சொல்வது ஒரு முகமன், சிஞ்ஞோரா. முகமனை ஏற்றுக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் உரையாடல்.”

இனி விதி. இந்நாட்டுக் கார்க் காப்புறுதி பதினெட்டுப் படிகள் கொண்ட ஓர் ஏணி. படி ஏற ஏறக் கட்டணம் ஏறும். புதிதாகச் சேர்பவரைப் பதினான்காம் படியில் நிறுத்துவார்கள். எவரையும் இடிக்காமல் ஓர் ஆண்டைக் கழித்தால் ஒரு படி இறக்குவார்கள். உங்கள் பிழையால் இடித்தால் இரண்டு படி ஏற்றுவார்கள். நம்மவருக்கு இதை விளங்கவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. கடைசியில் பாம்பும் ஏணியும் விளையாட்டைத் தலைகீழாகச் சொன்னேன்: இங்கே பாம்புதான் தெய்வம், ஏணிதான் சனியன். அது உடனே விளங்கியது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்த ஏணியில் விபத்துக்கு மட்டுமே இடம் உண்டு. நீங்கள் நெடுஞ்சாலையில் பறந்து பொலிஸாரின் கமெராவில் சிரித்தால், அதற்கும் இந்த ஏணிக்கும் யாதொரு தொடர்புமில்லை.

நம்மவர் இந்த ஏணியைச் சுற்றி ஒரு வழக்கத்தை வளர்த்திருந்தார்கள். தனித்தனியாகக் கார் வாங்கி ஒவ்வொருவரும் பதினான்காம் படியில் தொங்குவானேன்? நல்ல படியில் இருக்கும் ஒருவருடைய காரைச் சில குடும்பங்கள் சேர்ந்து பாவிக்கும். அவருடைய படி எல்லோருக்கும் பொதுச் சொத்து. அதை ‘கிளாஸ்’ என்பார்கள். “எங்கடை கிளாஸ் இந்த வருஷம் ஒண்டு இறங்கீட்டுது” என்று ஒருவர் சொல்லும்போது முகத்தில் தெரியும் பெருமிதத்தைப் பிள்ளை பரீட்சையில் சித்தியடைந்த வீடுகளில்தான் வேறு கண்டிருக்கிறேன்.

பலெர்மோவின் சீசாப் பகுதித் தமிழரிடையே மிக உயர்ந்த கிளாஸ், அதாவது மிகத் தாழ்ந்த படி, அந்தோனிப்பிள்ளை அண்ணையுடையது. மன்னார்க்காரர். வயோதிப வழக்கறிஞர் ஒருவரைக் குளிப்பாட்டி உடுப்பாட்டுவது தொழில். ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ப் பூசைக்குக் கதிரை அடுக்குவது ஊழியம். அவருடைய சிறிய வெள்ளைக் கார் நடப்பவர்களுக்கு இடைஞ்சலாக இருக்கும் அளவுக்கு மெதுவாகப் போகும். அந்தக் காரைப் பகிர்ந்துகொண்டவர்களில் யோகன் ஒருவன். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, பேஸ்ட்ரிக் கடை ஒன்றின் வான் வண்டியில் இனிப்புகளை வீடு வீடாகக் கொண்டு செல்பவன். அவன் மனைவி புஷ்பம் இரண்டு சிஞ்ஞோராக்களின் வீடுகளில் வேலை செய்தாள்.

ஒரு வைகாசியில் அந்த வெள்ளைக் காருக்கு முல்தா வந்தது. விமான நிலைய நெடுஞ்சாலையில், அந்தக் காருக்கு இயலுமென்று எவரும் எண்ணியிராத வேகத்தில் அது போயிருக்கிறது. அந்த வேகத்துக்குத் தண்டம் மட்டும் போதாது. ஓட்டியவரின் சாரதிப் பத்திரத்தையும் சில மாதங்களுக்குப் பறிப்பார்கள். ஓட்டியவர் யார் என்று பொலிஸ் கேட்டிருந்தது. அந்தோனி அண்ணையும் யோகனும் அந்தக் கடதாசியோடு என் மேசைக்கு வந்தார்கள். ஓட்டியது யோகன் என்பதை யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. அவன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“தங்கச்சி, எங்கடை கிளாஸ் என்னாகும்?” என்று கேட்டார் அந்தோனி அண்ணை.

“ஒண்டும் ஆகாது அண்ணை. இது இன்சூரன்ஸுக்குப் போகாது.”

“ரொறன்ரோவிலை இருக்கிற மச்சான் சொன்னவர். அங்கை ஒரு டிக்கெட் விழுந்தாக் காணுமாம், இன்சூரன்ஸ் நெருப்பாட்டம் ஏறுமாம். அதுவும் சின்னப் பெடியள் ஓடினா இன்னும் ஏறுமாம்.”

“அது ரொறன்ரோ. இது பலெர்மோ.”

“லண்டனிலையும் அப்பிடித்தானாம்.”

“லண்டனிலை மழையும் பெய்யுதாம் அண்ணை. அதுக்காக இஞ்சை குடை பிடிக்கிறீங்களோ?”

அவர் சிரித்தார். தலையை இரண்டு பக்கமும் ஆட்டினார். போய், ஓட்டியது தானே என்று பொலிஸுக்கு எழுதிக் கொடுத்தார். நான் பின்னர் அறிந்தபோது அவர் சொன்ன நியாயம் இரண்டு. ஒன்று, யோகனின் பத்திரம் போனால் அவன் வேலை போகும். வழக்கறிஞரைக் குளிப்பாட்டச் சாரதிப் பத்திரம் தேவையில்லை. இது நல்ல மனசு. மற்றது, வயது வந்த, ஒழுக்கமான ஒருவர் ஓடியதாக இருந்தால் கிளாஸ் அவ்வளவாக ஏறாது. இது ரொறன்ரோ மச்சான்.

ஆனி மாதத்தில் அவருடைய பத்திரம் பறிக்கப்பட்டது. அவர் கவலைப்படவில்லை. அவருக்கு அப்போது வேறு நினைவு. மனைவி அருளம்மாவுக்கும் மகளுக்கும் விசா கிடைத்திருந்தது. பிரிந்திருந்த காலத்தில் மகள் பால்குடி மறந்து, பள்ளிக்கூடம் போய், தகப்பனுக்குக் கடிதம் எழுதும் வயதுக்கு வந்துவிட்டாள். ஆவணி முடிவில் இருவரும் வந்து இறங்குவதாக ஏற்பாடு. சீசாவில் இரண்டு அறை கொண்ட வீடொன்று பார்த்து, முற்பணமும் பேசிவிட்டார். ஒழுங்கான வீடு இல்லாவிட்டால் குவெஸ்தூராவில், அதாவது பொலிஸ் தலைமையகத்தில், வதிவிட அனுமதிக் கடதாசி தரமாட்டார்கள். வீடு இருந்தால்தான் குடும்பம்.

ஆடியில் எங்கள் கந்தோருக்கு ஒரு விபத்து அறிக்கை வந்தது.

இந்த அறிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. இரு சாரதிகளும் வீதியிலேயே சேர்ந்து நிரப்பும் நீலநிறப் படிவம் அது. அதன் பெயர் ‘நட்புமுறை அறிக்கை’. என் அனுபவத்தில் இந்த நாட்டில் அவ்வளவு கூச்சலோடும், அவ்வளவு பேருடைய தாய்மார் நினைவுகூரப்பட்டும் நிரப்பப்படும் படிவம் வேறில்லை. ஒரு பக்கத்தில் விபத்தைப் படமாகவும் வரைய வேண்டும். அந்தோனி அண்ணையின் படத்தில் ஒரு காரும், ஒரு தள்ளுவண்டியும், அவற்றைச் சுற்றிச் சின்னஞ்சிறு வட்டங்களும் இருந்தன. வட்டங்கள் எவை என்று லோ வெர்தே கேட்டார். நான் எழுத்தை வாசித்தேன். நத்தைகள்.

பல்லரோச் சந்தையின் ஓரத்தில், கோடைத் திருவிழாக் காலத்தில் உயிர் நத்தை விற்கும் தோன் தோதோ என்ற கிழவரின் வண்டியில் வெள்ளைக் கார் பின்பக்கமாகப் போய் இடித்திருந்தது. கூடைகள் கவிழ்ந்து நத்தைகள் வீதியைக் கடக்கத் தொடங்கின. அதுவரை சிரிக்கத்தக்க விபத்துத்தான். ஆனால் வண்டியோடு கிழவரும் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரி, சிகிச்சை, தொழில் செய்ய முடியாத மாதங்கள் எல்லாவற்றுக்கும் நிறுவனம் இழப்பீடு கொடுக்க வேண்டும். கிழவரால் எழுத முடியாததால் அந்தோனி அண்ணை தனியே நிரப்பிய படிவத்தில் ‘ஓட்டியவர்’ என்ற இடத்தில் தெளிவான எழுத்தில் இருந்தது: அந்தோனிப்பிள்ளை.

லோ வெர்தே கண்ணாடியைக் கழற்றவில்லை. அது நல்ல அறிகுறியல்ல.

“சிஞ்ஞோரா தில்லா, இவருடைய பத்திரம் பொலிஸாரிடம் அல்லவா இருக்கிறது?”

இங்கேதான் வேகத் தண்டம், இந்த நாட்டிலும், காப்புறுதியை வந்து கடிக்கும் ஒரேயொரு இடம் இருக்கிறது. செல்லுபடியாகும் பத்திரம் இல்லாதவர் ஓட்டி விபத்து நேர்ந்தால், நிறுவனம் காயப்பட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிடும். பிறகு திரும்பி நின்று, கொடுத்த அவ்வளவையும் காப்புறுதி எடுத்தவரிடமே அறவிடும். ‘ரிவால்சா’ என்பது அதன் பெயர். ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில், எவரும் வாசிக்காத பொடி எழுத்தில் இருக்கும். வீட்டு முற்பணம் என்ன, விமானச் சீட்டு என்ன, அந்தோனி அண்ணையின் அடுத்த சில வருட உழைப்பையும் அது விழுங்கிவிடும். அருளம்மா வந்து இறங்குவதற்கு வீடு இராது.

அவரை அழைத்தேன். வந்தார். சட்டைப்பையில் விமானச் சீட்டின் பிரதி. அதை எல்லோருக்கும் காட்டுவார்.

“அண்ணை, லைசென்ஸ் இல்லாமல் ஏன் ஓடினீங்கள்?”

“லைசென்ஸ் பொலிஸிட்டை. கிளாஸ் உங்களிட்டை. ரெண்டும் வேற வேற கந்தோர்தானே தங்கச்சி?”

இவ்வளவு தூய்மையான தர்க்கத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. ரிவால்சாவை விளக்கினேன். அவர் முகம் வெளிறியது. சீட்டின் பிரதியை மடித்து மேசைமேல் வைத்தார்; பிறகு அது அங்கே இருப்பது பாதுகாப்பில்லை என்பதுபோல எடுத்துப் பையில் போட்டார். லோ வெர்தே கண்களை மூடிக் கேட்டார்: “விபத்தை இன்னொருமுறை சொல்வாரா?” அவர் சொன்னார். எந்த முன்னேற்றமும் இல்லை. நான்தான் ஓடினேன், நான்தான் இடித்தேன்.

அவர் போன பிறகு லோ வெர்தே தொப்பியை எடுத்தார். “இந்த மனிதர் பின்னால் திரும்பிப் பார்க்காமல் நாற்காலியில்கூட உட்காரமாட்டார். இவர் பின்பக்கமாக ஓட்டி ஒரு வண்டியை இடித்தாரா? வாருங்கள், நத்தைக்காரரைப் பார்ப்போம்.”

தோன் தோதோ கையைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு தன் பழைய இடத்திலேயே, வண்டி இல்லாமல், ஒரு பெட்டியின்மேல் ராஜாவைப் போல அமர்ந்திருந்தார். லோ வெர்தே தொப்பியைக் கழற்றி முதலில் மணிக்கட்டைப் பற்றி விசாரித்தார். பிறகு நத்தைகளைப் பற்றி. ஒவ்வொரு கூடையின் பெருமையையும் பொறுமையாகக் கேட்டார். அதன் பிறகுதான், “அந்தச் சாரதி மரியாதையாக நடந்துகொண்டாரா?” என்றார்.

“நடந்துகொண்டாளா என்று கேள்” என்றார் கிழவர். “தங்கம்! முதலில் குதித்து இறங்கியவள் அவள்தான். தன் சால்வையாலேயே என் கையைக் கட்டிவிட்டாள். பக்கத்து இருக்கையில் ஓர் ஆள் இருந்தான். இடிக்கும்வரை இடப்பக்கம் வலப்பக்கம் என்று கை காட்டிக் கத்திக்கொண்டிருந்தான். இடித்த பிறகு அசையவேயில்லை. அவள் அவனை உங்கள் பாஷையில் ஏசினாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் ரசித்தேன்.”

துவைத்து மடித்த சால்வை ஒன்றைப் பெட்டிக்குள்ளிருந்து எடுத்து என்னிடம் தந்தார். உரியவளிடம் சேர்க்கச் சொன்னார். நான் அடையாளம் கண்டேன். பூசைகளிலும் திருவிழாக்களிலும் அந்த நீலச் சால்வையைப் பார்த்திருக்கிறேன். புஷ்பத்தினுடையது.

மறுநாள் மாலை, அவள் வேலை முடிந்து சீசாவுக்குப் போகும் பஸ்ஸுக்கு நிற்கும் தரிப்பிடத்துக்குப் போனேன். சால்வையை நீட்டினேன். அவள் அதை வாங்கவுமில்லை, மறுக்கவுமில்லை.

“உனக்கு லைசென்ஸ் இருக்கோ, புஷ்பம்?”

“இருக்கு அக்கா. மாசியிலை எடுத்தனான்.” குரல் தாழ்ந்தது. “சிஞ்ஞோரா வீட்டிலை அயர்ன் பண்ணிக்கொண்டே கேள்வி எல்லாம் பாடமாக்கினனான். இவருக்குத் தெரியாது. பொம்பிளை கார் ஓடினா நாலுபேர் சிரிப்பினம் எண்டு சொல்லுற ஆள். அந்தோனி அண்ணைக்கு லைசென்ஸ் போன பிறகு அவருக்கு மட்டும்தான் சொன்னனான். புது வீட்டுக்குச் சாமான் வாங்கோணும் எண்டு அவர் காரைத் தந்தவர். ஆனால் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு அந்தோனியார்மேலை சத்தியம் பண்ணினவர்.”

“அப்ப பேப்பரிலை தன்ரை பேரை எழுதினது அதுக்காகவோ?”

“அதுவும்தான். பிறகு, புதுசாப் பழகின ஆள், அதுவும் பொம்பிளை ஓடினது எண்டு தெரிஞ்சா...” சொல்லத் தயங்கினாள்.

“இன்சூரன்ஸ் ஏறும்.”

“ஓம். ரொறன்ரோவிலை.”

அந்த மச்சானை நான் இன்றுவரை நேரில் கண்டதில்லை. எங்கள் கந்தோருக்கு அவரைப்போல வேலை கொடுத்தவர் வேறு எவருமில்லை.

நான் அவளுக்கு நிலைமையைச் சொன்னேன். இவளுக்குச் செல்லுபடியாகும் பத்திரம் இருக்கிறது. ஆகவே உண்மையைச் சொன்னால் ரிவால்சா இல்லை. நிறுவனம் கிழவருக்குக் கொடுக்கும், கிளாஸ் இரண்டு படி ஏறும், கதை முடிந்தது. பொய் நின்றால் அந்தோனி அண்ணையின் வீடு போகும். அவரோ சத்தியத்தை மீறமாட்டார். பஸ் வந்தது. அவள் ஏறவில்லை. அடுத்த பஸ்ஸும் போயிற்று. அவளை அவசரப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. மற்றவர் எல்லோருடைய நன்மையையும் ஒரு தட்டில் வைத்து, இவள் தனக்கென்று சேர்த்துவைத்த ஒரே இரகசியத்தை மறுதட்டில் வைக்கச் சொல்கிறேன் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது.

கடைசியில் சால்வையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். “சொல்லுறன் அக்கா. ஆனா இவருக்கு முன்னாலைதான் சொல்லுவன். பிறகு வீட்டிலை போய் இன்னொருக்காச் சொல்லேலாது.”

சனிக்கிழமை காலை நால்வரும் லோ வெர்தேயின் அறையில் கூடினோம், அவரோடு ஐவர். கார் விஷயம் என்றதால் ஆண்கள் இருவரும் முன்வரிசையில் அமர்ந்துகொண்டார்கள். புஷ்பம் கதவருகே நின்றாள். லோ வெர்தே அவளுக்குத் தன் நாற்காலியைத் தந்துவிட்டு ஜன்னலோரம் போய் நின்றார். அவர் எழுந்து நின்று நான் கண்டது மிக அரிது. யோகனுக்கு அது என்னவோ போலிருந்தது.

“நீ ஏன் அங்கை இருக்கிறாய்?” என்றான்.

அவள் கைப்பையைத் திறந்து சாரதிப் பத்திரத்தை எடுத்து மேசைமேல் விரித்து வைத்தாள். இத்தாலிய மொழியில் லோ வெர்தேயைப் பார்த்துச் சொன்னாள்: “நான்தான் ஓட்டினேன்.” பிறகு தமிழில், யோகனைப் பாராமல்: “நான்தான் ஓடினனான்.”

அந்தோனி அண்ணை சிலுவை அடையாளம் இட்டுக்கொண்டார். சத்தியத்திலிருந்து விடுபட்டதற்கா, வரப்போகும் சண்டைக்கா தெரியவில்லை.

யோகன் பத்திரத்தைக் கையில் எடுத்தான். படத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். “இது எப்ப எடுத்தனி?”

“நீங்கள் எயார்போட் ரோட்டிலை பறக்கிறதுக்கு முதல்.”

“எனக்கு ஏன் சொல்லேல்லை?”

“சொன்னா விட்டிருப்பியளோ?”

“நான்... அது வேறை கதை.”

“எத்தினை தரத்திலை பாஸ் பண்ணினது எண்டு கேளுங்கோவன்.”

“எத்தினை?”

“முதல் தரமே. நீங்கள்?”

யோகன் பத்திரத்தை மடித்து மேசைமேல் வைத்தான். அவன் மூன்றாம் தரத்தில் சித்தியடைந்தவன் என்பது சீசா முழுவதும் அறிந்தது. அந்தோனி அண்ணை கூரையைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. தொழில் கௌரவம் கருதி இருமினேன்.

அதன் பிறகுதான் அவன் அந்த வார்த்தையைச் சொன்னான். யாரும் கேட்காமலே சொன்னான். “அண்ணை, அந்த முல்தாவும் என்ரைதானே. என்னாலைதானே உங்கடை லைசென்ஸ் போனது. அதையும் இவரிட்டைச் சொல்லுங்கோ அக்கா.”

லோ வெர்தே என்னைப் பார்த்தார். “இளைஞர் என்ன சொல்கிறார்?”

“தன் மனைவியைப் பற்றிப் பெருமைப்படுவதாகச் சொல்கிறார்” என்றேன்.

அவர் நாடியை மேலே தூக்கி, நாக்கால் ஒரு ‘ச்சு’ கொட்டினார். அது இல்லை என்பதா, அனுதாபமா என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை. பொலிஸாரின் கடதாசி பொலிஸாரோடு இருந்தது. எங்கள் அறையில் இருந்தது ஒரு விபத்து. லோ வெர்தே திருத்த அறிக்கை எழுதினார்: ஓட்டியவர், பத்திரத்தின் விவரம், விபத்தின் காரணம். காரணத்தைப் புஷ்பத்திடமே கேட்டார்.

“பக்கத்திலை இருந்தவர் ‘வா, வா, இன்னும் இடமிருக்கு’ எண்டவர்” என்றாள்.

“இடம் இருந்தது” என்றார் அந்தோனி அண்ணை. “அந்த இடத்திலை நத்தை இருந்தது.”

நிறுவனம் அறிக்கையை ஏற்றுக்கொள்ளச் சில வாரங்கள் எடுத்தது. அந்த வாரங்களில் அந்தோனி அண்ணை மெலிந்துபோனார். வழக்கறிஞரைக் குளிப்பாட்டியபோது தலைக்குச் சவர்க்காரத்துக்குப் பதிலாகப் பற்பசை போட்டார் என்று கேள்வி. தோன் தோதோவின் வாக்குமூலம், சால்வை உட்பட, உதவியது. முடிவில் ரிவால்சா இல்லை என்று பதில் வந்தது. கிழவருக்கு இழப்பீடு கிடைத்தது. கிளாஸ் இரண்டு படி ஏறியது. வேகத்தால் ஏறாத கட்டணம் நத்தையால் ஏறிற்று. கார் பாவித்த குடும்பங்கள் கூடி அந்த வித்தியாசத்தைப் பகிர்ந்துகொண்டன. அந்தக் கூட்டத்தில் ஒருவர், “இதெல்லாம் அந்த முல்தாவாலை வந்தது, நான் அப்பவே சொன்னனான்” என்றாராம். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

ஆவணி முடிவில் அருளம்மாவும் மகளும் வந்தார்கள். அந்தோனி அண்ணையின் பத்திரம் அப்போதும் பொலிஸாரிடம்தான். புஷ்பம் ஓட்ட ஒப்புக்கொண்டாள். வழியில் யாராவது மறித்துக் காப்புறுதி பற்றிக் கேட்டால் பதில் சொல்ல ஆள் வேண்டும் என்று என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். விமான நிலைய வாசலில் அவர் மகளைக் கண்டு, முதலில் யாருடைய பிள்ளை என்பதுபோலப் பார்த்துவிட்டு, பிறகு குந்தியிருந்து அழுதார். அந்தப் பிள்ளை அவருடைய தலையைத் தடவிக்கொடுத்தது. அருளம்மா அழவில்லை. வெள்ளைக் காரைச் சுற்றி வந்து பார்த்தார். ஓட்டும் ஆசனத்தில் ஏறிய புஷ்பத்தைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார்.

“நீங்கள் ஓடேல்லையோ?”

“அது... ஒரு பெரிய கதை. வீட்டை போய்ச் சொல்லுறன். நீ பின்னாலை ஏறு.”

அருளம்மா முன்கதவைத் திறந்து புஷ்பத்தின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். அந்தோனி அண்ணை, மகள், நான் மூவரும் பின்னால். எங்கள் மடிகளில் ஒரு பெட்டி.

புஷ்பம் மிக மெதுவாக ஓட்டினாள். லொறிகள் ஹோன் அடித்துக்கொண்டு கடந்தன. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலை. அருளம்மா இரண்டையும் பார்க்கவில்லை. வேகங்காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தார். சிறிது நேரம் பொறுத்துக் கேட்டார்:

“தங்கச்சி, இந்த ரோட்டிலை எவ்வளவு விரைவாப் போகலாம்?”

புஷ்பம் சொன்னாள்.

“அப்ப ஏன் இப்பிடிப் போறம்?”

பின்னாலிருந்து அந்தோனி அண்ணை பதறினார்: “மெல்லப் போகட்டும், மெல்லப் போகட்டும். இப்பதான் கிளாஸ்...”

“எந்தக் கிளாஸ் எண்டு எனக்குத் தெரியாது” என்றார் அருளம்மா, திரும்பிப் பாராமலே. “இத்தினை வருஷமா நான் போதுமளவு மெல்ல வந்திட்டன். நீ ஓடு பிள்ளை.”

புஷ்பம் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். கியரை மாற்றினாள். அந்தோனி அண்ணை ஏதோ சொல்ல வாய் திறந்தார். பிறகு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி, கடலைக் காட்டினார்.